அருள் என்று சொல்லி மறைத்த உழைப்பு: இளையராஜா எழுதக் கற்ற வரலாறு

சங்கீத நாடக அகாடமியின் 2012ஆம் ஆண்டு விருதுப் பட்டியலில் இளையராஜாவின் பெயர் இருந்தது. கர்நாடக இசைப் பிரிவில் தேடினால் கிடைக்கமாட்டார். நாட்டுப்புற இசையிலும் இல்லை. படைப்பு மற்றும் பரிசோதனை இசை என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில்தான் அவருக்கு விருது. அப்போது அவருக்கு வயது 69. முதல் படம் வெளியாகி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விருது கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிரிவின் பெயர் பொருத்தமானதுதான். ஆனால் ஒருவர் ஏன் பரிசோதனை செய்கிறார் என்று நாம் கேட்க வேண்டும். ஏற்கனவே கட்டியிருக்கிற எந்த வீட்டிலும் தனக்கு அறை ஒதுக்கப்படவில்லை என்றால், மனிதர் தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டத்தான் செய்வார். அதைப் பார்க்கிறவர்கள் பரிசோதனை என்கிறார்கள்.

இளையராஜா பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்களிடையே இரண்டு அணி உண்டு. ஒரு அணி, "அவர் நம்ம ஆளு" என்று நெஞ்சு நிமிர்த்தும். மற்றொரு அணி, "அவர் என்றைக்காவது நம்மைப் பற்றிப் பேசியிருக்கிறாரா, நாம் ஏன் அவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்கும். இரண்டு அணியும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் அவருடைய கையைப் பார்க்கச் சொல்கிறோம். அந்தக் கை எதை எழுதியது, எழுதுவதற்கு எங்கே கற்றது, கற்க என்ன விலை கொடுத்தது என்பதில்தான் நமக்கான வரலாறு இருக்கிறது.

தறியும் தாளும்

எங்கள் பெரணமல்லூர், ஆரணி பக்கத்து வாசகர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். ஒரு பட்டுச் சேலையின் கரையில் மயிலோ அன்னமோ வர வேண்டுமென்றால், அது முதலில் கட்டம் போட்ட தாளில் வர வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு இழைக் கணக்கு. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். அட்டை ஜக்கார்டு பெட்டியில் ஏறுகிறது. பிறகு தறியில் உட்காருகிறவர் மிதிக்க மிதிக்க மயில் எழும்பி வருகிறது. நெய்கிறவரின் கைத்திறன் சின்னதல்ல. ஆனாலும் மயில் எங்கே தலையைத் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்வது அந்தத் தாள். தாளில் வரையத் தெரிந்தவருக்கு ஒரு மதிப்பு, தறியில் கூலிக்கு உட்காருகிறவருக்கு வேறொரு மதிப்பு.

மேற்கத்திய இசையில் ஐந்து கோடு போட்டு எழுதும் இசைக்குறிப்பும் அப்படிப்பட்ட தாள்தான். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வாத்தியக் குழுவில் யார் எந்த நொடியில் எந்தச் சுரத்தை எவ்வளவு மெதுவாக வாசிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். மனதில் மெட்டு வந்தால் மட்டும் போதாது. அதை ஐம்பது கைகளுக்குப் பிரித்து எழுதத் தெரிய வேண்டும். நம் சமூகத்தின் கலைகளைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? "அவனுக்கு ரத்தத்துலேயே இருக்குய்யா" என்று சொல்லும். பறையடிக்கிறவரைப் பாராட்டுவதுபோல் இருக்கும் இந்தச் சொல், அவர் கற்றார், யோசித்தார், திட்டமிட்டார் என்பதை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி கேட்க முடியாது, உரிமை கேட்க முடியாது.

இளையராஜாவுக்கும் அதே சொல்லின் மேல்சாதிப் பதிப்பைக் கொடுத்தார்கள். அங்கே ரத்தம், இங்கே அருள். "சரஸ்வதி கடாட்சம்" என்றார்கள். இரண்டிலும் உழைப்பு காணாமல் போகிறது.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம்

1943 ஜூனில் இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ஞானதேசிகன் என்று பெயர் வைத்தார்கள், ராசையா என்று கூப்பிட்டார்கள். அவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பலமுறை அச்சில் வந்த செய்தி. வைகை அணை கட்டும் இடத்தில் சிறுவனாகக் கூலி வேலை பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். முறையான பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

அவருடைய முதல் இசைப் பள்ளிக்கூடம் அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுக்குழு. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய குழு அது. நாட்டுப்புற மெட்டையும் சினிமா மெட்டையும் எடுத்துக்கொண்டு, விலைவாசியையும் கூலியையும் நிலத்தையும் பற்றிய வரிகளை அதில் ஏற்றுவார் பாவலர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே ரோசம்மா புன்னூஸுக்கு ஆதரவாக அவர் பாடிய பாட்டுகள் பேசப்பட்டன. ரோசம்மா வென்றார். அந்தக் குழுவில் சிறுவன் ராசையா பெண் குரலில் பாடினார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு வந்தார்.

சமூகவியல் படித்தவர்கள் பண்பாட்டு மூலதனம் என்று ஒன்றைச் சொல்வார்கள். தாத்தா வீணை வாசிப்பார், அத்தை சபாவில் பாடுவார், வீட்டுக்குள் காலையில் சுருதிப் பெட்டி ஒலிக்கும், குழந்தை தூங்கி எழும்போதே ராகத்தின் பெயர் காதில் விழும். அது ஒரு சொத்து. ராசையாவுக்கு அந்தச் சொத்து இல்லை. அவருக்கு இருந்தது மேடை, லாரிப் பயணம், ஒவ்வொரு ஊரிலும் உடனுக்குடன் கைதட்டவோ எழுந்து போகவோ செய்யும் உழைக்கும் மக்கள் கூட்டம். அதுவும் ஒரு மூலதனம்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குச் சான்றிதழ் தராது, அவ்வளவுதான்.

மயிலாப்பூர் லாட்ஜ் அறை

1960களின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியை விற்று அம்மா சின்னத்தாயம்மாள் கொடுத்த 400 ரூபாய்தான் கையிருப்பு என்று இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாட்டு கேட்க வீட்டில் இருந்த ஒரே கருவியை விற்றுத்தான் பாட்டு கற்கப் போக வேண்டியிருந்தது.

சென்னையில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் பியானோவும் கிதாரும் கற்றுக்கொடுத்தவர். மயிலாப்பூர் என்றால் சபாக்களின் ஊர். அதே ஊரில், சபா மேடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடகை அறையில்தான் பண்ணைப்புரத்து இளைஞர் ஐந்து கோட்டில் எழுதப் படித்தார். பாக், மொசார்ட், பீத்தோவன் என்ற பெயர்களை அங்கேதான் பாடமாகக் கற்றார். ராசையா என்ற பெயரை ராஜா என்று சுருக்கியதும் மாஸ்டர்தான். பிறகு லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். கர்நாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார்.

இதற்கிடையில் வயிற்றுப்பாடு. சலில் சௌத்ரி போன்றவர்களின் குழுவில் கிதார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல கன்னடப் படங்களில் வேலை பார்த்தார். அன்றைய திரையிசையில் மெட்டுப் போடுகிறவர் ஒருவராகவும், அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுகிறவர் இன்னொருவராகவும் இருப்பது வழக்கம். ஸ்டுடியோவில் ஐந்து கோட்டு எழுத்து பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், கிறித்துவர் என்று தேவாலய இசைப் பின்னணியில் வந்தவர்களின் கையில் இருந்தது. இளையராஜா இரண்டு வேலையையும் ஒரே கைக்குக் கொண்டுவந்தார். மெட்டும் அவருடையது, தாளும் அவருடையது.

1976இல் பஞ்சு அருணாசலம் தயாரிப்பில் 'அன்னக்கிளி' வந்தது. ஏ.எம். ராஜா என்று ஏற்கனவே ஒருவர் இருந்ததால் 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்ததும் பஞ்சுதான். கிராமத்து மெட்டு தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. அந்த மெட்டுக்கு அடியில் கிதாரும் வயலின் கூட்டமும் தனித்தனி வழியில் நடந்து, பாட்டு முடிகிற இடத்தில் ஒன்றாகச் சேர்வது புதிது. நாற்று நடுகிற பெண்ணின் பாட்டும் ஐம்பது பேர் வாசிக்கும் இசையும் ஒரே தாளில் சமமாக உட்கார்ந்தன.

இரண்டு பாட்டு, ஒரு மேடை

பரிசோதனை என்ற சொல்லுக்கு அவருடைய வேலையில் என்ன பொருள் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும்.

1985இல் கே. பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி' வந்தது. தியாகராசர் கீர்த்தனை ஒன்று, வழிவழியாகக் காம்போதி ராகத்தில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். அதோடு நிற்காமல், படிப்பறிவில்லாதவள் பாடுவதாக வரும் ஒரு நாட்டுப்புறப் பாட்டோடு அதைக் கொண்டுபோய் இணைத்தார். கீழே தொடங்கும் கிராமத்துப் பாட்டு ஒரு படி ஏறி, எந்தத் தடங்கலும் இல்லாமல் கீர்த்தனைக்குள் நுழைந்துவிடும். ராகத்தை எப்படி மாற்றலாம் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்கும், படத்துக்காக இளையராஜாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதே படத்தில் கல்யாணி ராகத்தில் ஆரோகணத்தை மட்டும் வைத்து, சுரங்கள் இறங்கவே இறங்காத ஒரு பாட்டையும் போட்டார். இலக்கணம் தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது. இலக்கணத்தைக் காலங்காலமாகத் தன் வீட்டுச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்குச் செய்யத் தோன்றியிருக்குமா என்பது வேறு கேள்வி.

1986இல் 'ஹவ் டு நேம் இட்'. படம் இல்லை, நாயகன் இல்லை, வாத்திய இசை மட்டும். தியாகராசருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கிய தொகுப்பு. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதே தலைப்பு. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி குழுவோடு இசையாக்கினார். 'இதயகோவில்' படத்தில் பாட்டு எழுதினார், ரமண மாலை என்று தானே எழுதி இசையமைத்துப் பாடினார். 'தாரை தப்பட்டை' அவருடைய ஆயிரமாவது படம் என்று 2016இல் வந்தது. கரகாட்டக் குழுவின் கதை அது. அதன் பின்னணி இசைக்கும் தேசிய விருது கொடுத்தார்கள்.

கேட்காமல் போன சிம்பொனி

1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, ஜான் ஸ்காட் நடத்துநராக நிற்க, இளையராஜா எழுதிய சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. தமிழ்நாடே கொண்டாடியது. அந்தப் பதிவு இன்றுவரை வெளியாகவில்லை. கேட்டவர்கள் சிலர், பேசியவர்கள் கோடிப் பேர்.

இங்கே அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் பிரைஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1887இல் பிறந்த கறுப்பினப் பெண். பாஸ்டனில் இசைக் கல்லூரியில் சேரும்போது சொந்த ஊரை மெக்சிகோவில் உள்ளதாகப் பதிவு செய்தார்கள். கறுப்பினம் என்று தெரிந்தால் வரும் தொல்லையைக் குறைக்க அவருடைய அம்மா செய்த ஏற்பாடு அது. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. ஒரு பெரிய அமெரிக்க இசைக்குழு கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுதான் முதல்முறை. 1953இல் இறந்தார், மறக்கப்பட்டார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் ஆளில்லாத, பாழடைந்த ஒரு வீட்டில் அவர் கைப்பட எழுதிய இசைத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் உலகம் அவரைத் திரும்ப வாசிக்கத் தொடங்கியது.

ஊரை மறைத்துப் பதிவு செய்ததற்காகப் பிரைஸை நாம் யாரும் கோழை என்று சொல்லமாட்டோம். உள்ளே நுழைய அன்றைக்கு இருந்த வழி அது என்று புரிந்துகொள்வோம். அந்தப் புரிதலை நம் ஊர்க்காரருக்கும் கொடுக்க வேண்டாமா? தன்னைச் சாதியோடு சேர்த்து அழைப்பதை இளையராஜா விரும்பியதில்லை. மறைக்க நேர்ந்தவர் மீது கேள்வி எழுப்புவதற்கு முன்னால், மறைத்தால்தான் நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் மீது கேள்வி எழுப்ப வேண்டும்.

2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் 'வேலியண்ட்' என்ற அவருடைய சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழு மேடையில் வாசித்தது. நடத்துநர் மிக்கேல் டாம்ஸ். இளையராஜாவுக்கு வயது 81. முதல் சிம்பொனிக்கும் இதற்கும் இடையே 32 ஆண்டுகள். அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டியவர்களுக்கு முன்னால் இருந்தது ஒரு கட்டுத் தாள். அந்தத் தாளை எழுதக் கற்றுக்கொண்ட இடம் ஒரு லாட்ஜ் அறை.

நமக்கும் அவருக்கும் உள்ள கணக்கு

2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு அவர் முன்னுரை எழுதினார். அந்த ஒப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. சாதியை ஒழிக்கச் சொன்னவரை இந்துத்துவ அரசியலின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது அவருடைய எழுத்துக்கே எதிரானது. அதே ஆண்டு ஜூலையில் இளையராஜா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். இதை விமர்சிக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அன்றைக்கு வந்த விமர்சனத்தோடு சாதி இழிவும் கலந்து வந்ததை மறக்க முடியாது. கருத்தை மறுக்கிறவர் கருத்தை மறுக்கட்டும். அவருடைய பிறப்பைத் தொட்டுப் பேசினால், முற்போக்கு மேடையில் நின்று பேசினாலும் அது சாதிப் பேச்சுதான்.

2024 டிசம்பரில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அவர் அர்த்த மண்டபத்தின் வாசலோடு நிறுத்தப்பட்டார் என்று செய்தி பரவியது. அர்ச்சகர், ஜீயர் தவிர வேறு யாரும் உள்ளே போவது வழக்கமில்லை என்று விளக்கம் வந்தது. சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நான் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்றார் இளையராஜா. அவர் சொன்னதை அப்படியே ஏற்கிறோம். அவருக்கு அவமானம் நடந்ததா என்ற விவாதத்தில், அந்த வழக்கம் யாரை எதை வைத்து உள்ளே விடுகிறது என்ற கேள்வி காணாமல் போய்விட்டது என்பதுதான் எங்கள் கவலை.

காப்புரிமைக்காக அவர் வழக்கு நடத்தியபோதும், 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோதும், "இவ்வளவு பணம் இருந்தும் ஆசையா?" என்று பேசினார்கள். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்பதை 2012ஆம் ஆண்டுக் காப்புரிமைத் திருத்தச் சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் நியாயம் யார் பக்கம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். உழைத்தவன் கணக்குக் கேட்டால் அது பேராசை என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. களத்துமேட்டில் நம் பாட்டன்கள் கேட்ட அதே பேச்சுதான்.

வேறு வழியில் போனவர்களும் நமக்கு உண்டு. கே.ஏ. குணசேகரன் பேராசிரியராக இருந்துகொண்டே 'தன்னானே' குழுவோடு சேரிகளில் பாடினார், தன் சாதி அனுபவத்தை 'வடு' என்று நூலாகவே எழுதினார். 2018இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் வைத்து நேரடியாகவே சாதியைக் கேள்வி கேட்டது. அவர்கள் பேசினார்கள், இளையராஜா எழுதினார். பாவலர் வரதராசனின் மேடையை நினைத்தால், இரண்டு வழியும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பின. ஒன்றை வைத்து மற்றொன்றை அடிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

அந்த அறை இன்று எங்கே?

நாங்கள் இந்தப் பக்கத்து காலனிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள். பத்து வயதுப் பையன் சாவுக்கு அடிக்கும் அடியையும், திருவிழாவுக்கு அடிக்கும் அடியையும், தெருக்கூத்தில் வேஷம் உள்ளே வரும்போது மிருதங்கம் வாசிக்கும் அடியையும் வேறுபடுத்தி மேசையில் தட்டிக் காட்டுகிறான். அவனுக்கு அதை எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் எங்கே? மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் என்றால் வழக்கமாகக் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். நல்ல பாடங்கள்தான். அவன் கையில் ஏற்கனவே இருக்கும் பறைக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஐந்து கோட்டு எழுத்துக்கும் இடமில்லை. அதற்குக் கட்டணம் வாங்கும் தனியார் வகுப்புதான், அதுவும் நகரத்தில்தான்.

2024 மே மாதம் சென்னை ஐஐடியில் இளையராஜா பெயரில் இசை கற்றல், ஆய்வு மையம் அமைக்க ஒப்பந்தம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அவருக்குப் பெரிய பாராட்டு விழா எடுத்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் ஐஐடி வாசலைத் தாண்டி அந்த மையத்துக்குள் நுழையப்போவது யார்? வைகை அணையில் கூலி வேலை பார்த்த, பள்ளிப் படிப்பு நின்றுபோன ராசையா இன்றைக்கு வந்தால் அவரை உள்ளே விடுவார்களா?

எனவே எங்கள் கோரிக்கை எளியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இசை ஆசிரியர் வேண்டும். மாவட்ட இசைப்பள்ளிகளில் பறை முழுநேரப் பாடமாக வர வேண்டும், அதைக் கற்றுக்கொடுக்கத் தலைமுறையாக வாசிக்கிறவர்களையே ஆசிரியராக நியமிக்க வேண்டும். அதோடு, இசையைத் தாளில் எழுதும் கலையை அங்கே இலவசமாகச் சொல்லித்தர வேண்டும். இளையராஜாவுக்குச் சிலை வைப்பதைவிட, அவர் பெயரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு வகுப்பறை வைப்பது அவர் வாழ்க்கைக்கு நெருக்கமான மரியாதை.

அவர் நம்மைப் பற்றிப் பேசவில்லையே என்று காத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு ரேடியோப் பெட்டியை விற்றால்தான் ஒரு பிள்ளை இசை கற்க முடியும் என்ற நிலைமை அறுபது ஆண்டுகளாக எவ்வளவு மாறியிருக்கிறது என்று அரசிடம் கேட்போம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்க எங்கள் பக்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் எழுதிக் கொடுங்கள்.

ஜெய்பீம்.